முந்நூற்றி நாலைத் தடைசெய்ய வேண்டுமாம்!

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நடைபெறவுள்ளது. நிகழ்ச்சிநிரல் நேற்று வீட்டுக்கு வந்தது. கணக்கறிக்கை, கூரை ஓடு மாற்றுதல், நிர்வாகத் தெரிவு ஆகிய வழமையான விடயங்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு பிரேரணை. நிலைய வளாகத்தினுள் "சீட்டு, தாயம் முதலான சூதாட்டங்களை" முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் முதற்பகுதி. முன் விறாந்தையைத் தரம் ஐந்து புலமைப்பரிசில் வகுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. முன்மொழிபவர் எங்கள் அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர், எனக்கும் அவ்வாறே.

முதன்முறை படித்தபோது சிரிப்பு வந்தது. தாயம் சூதாட்டமாம்! இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. பிறருடைய கோபங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியே காலத்தைக் கழித்த பத்திரிகைக்காரன், தன் கோபத்தை ஒருமுறை திருத்தாமல் எழுதினால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இப்பிரேரணைக்குக் காரணமானவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2024 நவம்பர் இறுதி வாரத்தைக் குடாநாட்டில் இருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெங்கல் புயலாகப் பின்னர் பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்து சென்றது. வயலும் வீதியும் ஒன்றாகின. 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையை இரண்டு நாளில் நிறுத்தி, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீளத் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் போயிற்று. அதன் பின்னே கைத்தொலைபேசிகளும் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. மூன்றாம் நாள் அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் (இருவர் பெண்கள்) என் விறாந்தையில் வந்து குந்திக்கொண்டு, "மாமா, உங்கட காலத்தில மழைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். பழைய சீட்டுக்கட்டு ஒன்றைத் தேடி எடுத்து முந்நூற்றி நாலு சொல்லிக்கொடுத்தேன். வெள்ளம் வடிந்த பின்னும் அவர்கள் விடவில்லை. என் விறாந்தை போதாமற் போகவே சனசமூக நிலையத்து விறாந்தைக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே வேறு பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஒருநாள் மாஸ்ரர் படலையைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் படிச்ச மனுசன். பிள்ளையளுக்குச் சூது பழக்குறீரோ?"

"காசு வைச்சு ஆடேல்லை மாஸ்ரர்."

"இண்டைக்குக் காசில்லை. நாளைக்கு?"

அவர் வள்ளுவரின் சூது அதிகாரத்தை எனக்கு நினைவூட்டினார். தருமர் நாடிழந்த கதையையும் சொன்னார். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன். வாக்குவாதம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். பிரேரணையாக வந்து நிற்கிறது.

திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை நானும் படித்தவன்தான். அதில் வள்ளுவர் கடிவது பொருளை வைத்திழப்பதை, ஒன்றைப் பெற்று நூறை இழக்கும் பேராசையை. பணயத்தை அகற்றிவிட்டு அந்த அதிகாரத்தைப் படித்தால் பாதிக் குறள்களுக்குப் பொருளே இராது. வள்ளுவரை விடுங்கள், ஆங்கிலேயர் இந்நாட்டில் 1889இல் இயற்றிய சூதாட்டக் கட்டளைச் சட்டம்கூடப் பணயம் வைத்து ஆடுவதையே குற்றத்தின் மையமாக வைத்தது. விக்டோரியா காலத்து வெள்ளைக்காரனுக்கு விளங்கிய வேறுபாடு எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு விளங்காமற் போகலாகாது.

காசுக்கு ஆடிக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். தாலிக்கொடியை அடகுக்கடைக்குக் கொண்டுபோனவரை எனக்கே தெரியும். மாஸ்ரரின் அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. அவர் கண்டவற்றில் பிறந்தது. ஆனால் அந்த மனிதர் ஆடியது முந்நூற்றி நாலன்று. காசுக்கு ஆடுபவன் விரைவில் முடிகிற, அதிர்ஷ்டம் ஆளுகிற ஆட்டத்தையே தேடுவான். நால்வர் சோடி சேர்ந்து, கணக்கு வைத்து, அரைநாள் மண்டையை உடைக்கிற ஆட்டம் அவனுக்கு எதற்கு?

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். கட்டிலிருந்து ஏழுக்குக் கீழ்ப்பட்ட சிறு சீட்டுகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவன முப்பத்திரண்டு. ஒவ்வோர் இனத்திலும் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே ஒரு கணக்கின் விடை. ராசாவையும் ராணியையும் மூன்றுக்கும் இரண்டுக்கும் விலைபேசிவிட்டு, வேலையாளாகிய ஜாக்கை எல்லோருக்கும் மேலே தூக்கி வைத்த ஆட்டம் இது. அந்தஸ்துப் பார்த்துப் பாய் விரித்த யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் இது எப்படி இவ்வளவு காலம் அரசோச்சியது என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

முதல் நான்கு சீட்டுகள் கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும். ஆகக் குறைந்த கேள்வி 160. அதாவது மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் கூட. பாதிக் கையைப் பார்த்து முழுக்கைக்கும் வாக்குறுதி கொடுக்க வேண்டும். அதிகம் கேட்டவர் துரும்பை ஒரு சீட்டால் குறித்துக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருடைய சோடிக்கே தெரியாது. அதன் பின்னர் ஆட்டம் முழுவதும் ஊகமும் நினைவுமாக நடக்கும். யார் எதை இறக்கினார், எதை இறக்காமல் விட்டார், ஏன் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கினார் என்பதை எல்லாம் மனத்தில் எழுதிக்கொண்டே ஆட வேண்டும்.

இரண்டு விதிகளை மட்டும் மாஸ்ரரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் வேறொரு சீட்டைக் கவிழ்த்து வைக்கலாம். அது துரும்பா என்று துரும்பு வைத்தவர் ஒருவரே புரட்டிப் பார்ப்பார். துரும்பானால் ஆட்டம் வெளிக்கும். இல்லையேல் சீட்டு மீண்டும் கவிழும். பார்த்தவர் சொல்வதை எதிரணியினர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிரியின் நேர்மையை நம்பாமல் ஒரு பிடிகூட ஆட முடியாத ஆட்டம் இது! நம் அரசியற் கட்சிகளின் மத்திய குழுக்களில் இப்படியொரு விதி இருந்தால் ஒரு கூட்டமும் முடிவடையாது.

மற்றைய விதி இன்னும் நுட்பமானது. எட்டுப் பிடிகளையும் ஒரே அணி எடுத்தால் அது கம்மாரிசு. ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. எடுப்பது உறுதி என்று எந்தக் கணத்தில் அறிந்திருக்கக் கூடுமோ அந்தக் கணத்திலேயே அறிவிக்க வேண்டும். அறியாமல் தொடர்ந்து ஆடி எல்லாவற்றையும் வென்றாலும் தண்டம் கட்ட வேண்டியதுதான். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாமல் இருந்தமைக்குத் தண்டனை விதிக்கிற வேறு ஆட்டம் எதையும் நான் கண்டதில்லை. நான் கற்பித்த நால்வரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற சிறுமி இரண்டு வாரத்தில் இதைப் பிடித்துக்கொண்டாள். நான் பிந்திச் சொன்ன கம்மாரிசை நான்கு பிடிகளுக்கு முன்னமே சொல்லியிருக்கலாம் என்று சீட்டுகளைப் பரப்பி நிரூபித்து என்னிடம் தண்டம் வாங்கினாள். தண்டம் என்ன தெரியுமா? காதிலே ஓலைக் கடுக்கன். அரைநாள் அதோடு திரிந்தேன். மாஸ்ரர் சொன்ன சூதின் முழுப் பணயமும் இதுவே.

இனி, சீட்டு அந்நியப் பழக்கம் என்று கூட்டத்தில் யாரேனும் எழும்புவார்கள் என்பதையும் அறிவேன். ஆம், வந்த பழக்கம்தான். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. எங்கள் முதியவர்கள் சீட்டின் இனங்களை ஆடுதன், உருவித்தன், கிளாவர், இஸ்கோப்பன் என்றார்கள். உச்சரிப்பு ஊருக்கு ஊர் சற்று மாறும். ஒல்லாந்த மொழியில் அவை ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவரன், ஸ்கொப்பன். கோட்டையை விட்டுப் போனவன் சொற்களைத் திண்ணையில் விட்டுப் போயிருக்கிறான். ஜாக்கும் ஒன்பதும் முதலிடம் வகிக்கும் ஆட்டங்களை ஒரே குடும்பமாகவே சீட்டாட்ட வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஒல்லாந்தில் கிளாவர்யாஸ், சுவிற்சர்லாந்தில் ஜாஸ், கேரளத்தில் இருபத்தெட்டு, எங்களிடம் முந்நூற்றி நாலு.

அந்தச் சுவிஸ் ஜாஸ் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் பேர்ண் நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். நான்கரை மணிக்கே இருட்டிவிடும். ஊர்ச் சாப்பாட்டுக் கடையொன்றின் மூலை மேசையில் முதியவர்கள் நால்வர் பச்சை விரிப்பின்மேல் சீட்டடித்துக்கொண்டிருந்தார்கள். துரும்பு ஜாக் ராசாவை அடித்தது. துரும்பு ஒன்பது ஆசை அடித்தது. நான் எழுந்து நின்றேவிட்டேன். துரும்பு ஜாக்குக்கு அங்கே 20, ஒன்பதுக்கு 14 என்று பின்னர் அறிந்தேன். எண்கள் வேறு, எலும்பு ஒன்று. அந்நாட்டில் அதனைத் தேசிய ஆட்டம் என்கிறார்கள். தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகளாக அதற்கென்று நிகழ்ச்சி நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே ஜாஸ் என்ற பெயர் எழுத்தில் முதலிற் காணப்படுவதே 1796இல் ஒரு முறைப்பாட்டில்தான். குடியானவர்கள் சீட்டாடுகிறார்கள் என்று மதகுருமார் கொடுத்த முறைப்பாடு! எங்கள் மாஸ்ரர் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பிந்தி வந்திருக்கிறார், அவ்வளவுதான். சுவிஸ்காரர் முறைப்பாட்டை மறந்து ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் ஆட்டத்தை மறந்து முறைப்பாட்டை நிறைவேற்றப் போகிறோமா?

உள்ளூர்ச் சரக்குத்தான் வேண்டும் என்போர் நொடிக்கு வரட்டும். மாரி இரவில் ஆச்சிமார் போட்ட நொடிகளை அவிழ்க்கத் தெரியாமல் நித்திரை கெட்டவர்கள் நாங்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று எண்ணிக்கொண்டு போகையில் அதே வரிசையில் பிசியையும் வைத்தார். பிசி என்பது நொடிதான். திருஞானசம்பந்தர் முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் திருமாலைமாற்றைப் பதினொரு பாடல்களில் பாடிவைத்தார். மார்கழியில் திருவெம்பாவைக்கு முதல் ஆளாகச் சங்கோடு எழும்புகிற மாஸ்ரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சைவத்தின் மூன்றாம் திருமுறைக்குள் எழுத்து விளையாட்டுக்கு இடமிருக்கிறது. சனசமூக நிலையத்து விறாந்தையில் சொல்விளையாட்டுக்கும் சீட்டுக்கும் இடமில்லையாம்.

என் தொழிலிலிருந்து ஒரு சங்கதி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் அருகி, குடாநாட்டுப் பத்திரிகைகள் கோடுபோட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. நான் அப்போது பணியாற்றிய இடத்தில் பக்கங்களைக் குறைத்தபோது முதலில் கழித்தது குறுக்கெழுத்தை. கழித்தவன் நான். "உயிர் போகிற நேரத்தில் கட்டம் நிரப்புகிறார்களா" என்று எண்ணிவிட்டேன். தலையங்கத்தைக் குறைத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். குறுக்கெழுத்து எங்கே என்று கேட்டு, பழைய உறைகளைப் புரட்டி ஒட்டி அதன்மேல் எழுதிய கடிதங்கள் வந்தன. அடுத்த வாரம் மீண்டும் போட்டோம். தமிழில் கட்டம் அமைப்பது எத்தகைய தலைவலி என்பது அமைத்தவர்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள் குறுக்கும் நெடுக்கும் சந்திக்கின்றன. இங்கோ கட்டத்துக்கு ஓர் உயிர்மெய். 'கை'யில் முடியும் சொல்லைக் 'கை'யில் தொடங்கும் சொல்லோடுதான் பிணைக்கலாம், 'க'வோடு ஆகாது. அந்தத் தலைவலியை நான் சம்பளமில்லாமலும் பட்டிருப்பேன்.

மாஸ்ரருக்கும் எனக்கும் இடையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1990இன் நடுவில் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலில் திரிபோட்ட விளக்கில், ஒரு விரற்கடை எண்ணெயில், அயலார் எல்லோரும் ஒரே விறாந்தையில் கூடுவோம். ஒரு விளக்கு ஐந்து குடும்பத்துக்கு. 1991 மாரியில் அந்த வெளிச்சத்தில் எனக்குக் கம்மாரிசு சொல்லித் தந்தவர் யார்? சைவமும் கணிதமும் படிப்பித்த அதே மாஸ்ரர்தான். கேள்வி கேட்பதில் அவரை வெல்ல எங்கள் பகுதியில் ஆளில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்கள் ஒதுங்கிய பாடசாலை மண்டபத்தில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, யாரோ ஒரு பெண் நிலத்திலே கரித்துண்டால் தாயக்கட்டம் கீறினாள். சோகி இல்லை, புளியங்கொட்டையை ஒருபுறம் தேய்த்து எடுத்தார்கள். மூன்று நாளாக வாய்திறவாதிருந்த என் பெரியம்மா அன்றுதான் ஒரு சொல் பேசினார். "தாயம்" என்பது அந்தச் சொல். அதைச் சூதாட்டம் என்று நிகழ்ச்சிநிரலில் அச்சடிக்க எப்படி மனம் வந்தது மாஸ்ரர்?

பிரேரணையின் இரண்டாம் பகுதிதான் உண்மையான பகுதி என்று நினைக்கிறேன். விறாந்தை வேண்டும், அதற்குச் சூது ஒரு சாட்டு. ஊரில் ரியூட்டரிகளுக்குப் பஞ்சமா? பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டு வந்து, உடுப்பு மாற்றி, ரியூசனுக்குப் போய், இருட்டியபின் திரும்பி வருகிறது. மாரி விடுமுறையிலும் அதே ஓட்டம், குடையோடு. அப்பிள்ளைக்கு இந்த ஊரில் ஒருவரும் வினாத்தாள் நீட்டாத இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த விறாந்தை மட்டுமே. அதையும் வாங்கிலும் கரும்பலகையும் போட்டு நிரப்பப் போகிறீர்கள்.

என் பக்கத்தில் நின்று எனக்குக் கெடுதல் செய்யும் நண்பர்களையும் இங்கே கண்டிக்க வேண்டும். "சீட்டாட்டம் ஞாபகசக்தியை வளர்க்கும், சுடோக்கு மறதிநோயைத் தடுக்கும், சதுரங்கம் கணிதப் புள்ளியைக் கூட்டும் என்று கூட்டத்தில் சொல்லுங்கள்" என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் ஆலோசனை அனுப்பியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஆண்டு முந்நூற்றி நாலுக்கும் ஒரு ரியூட்டரி திறப்பார்கள். வயதுவாரியாகப் போட்டி, சான்றிதழ், பெற்றோர் வாசலில் காவல். சதுரங்கத்துக்கு ஏற்கெனவே அக்கதி நேர்ந்துவிட்டது. ஆடுகிற பிள்ளையின் முகத்தைவிடப் பார்த்துநிற்கும் தாயின் முகம் இறுகிக் கிடக்கிறது. பிள்ளைகள் மழைக்கு ஆடுகிறார்கள், ஏனென்றால் அது நன்றாயிருக்கிறது. மழைக்குக் கொழுக்கட்டை தின்பதற்கு யாரும் போசாக்கு அறிக்கை கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சனசமூக நிலையத்து விறாந்தை என்றும் ஆண்களின் விறாந்தையாகவே இருந்தது. பத்திரிகை, கரம், சீட்டு எல்லாம் அவர்களுக்கு. பெண்களுக்கு வீட்டுக்குள் தாயமும் கொக்கானும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல்நாள் அங்கே வந்து இருந்தபோது இரண்டு பெரியவர்கள் எழுந்து போனதை நான் பார்த்தேன். பிரேரணைக்குக் கையொப்பமிட்ட எழுவரில் அவ்விருவரும் அடக்கம். சூது என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

ஆகவே நான் ஒரு திருத்தப் பிரேரணை கொடுத்திருக்கிறேன். நிலையத்தில் பணம் வைத்து ஆடுவோரின் அங்கத்துவம் உடனே நீக்கப்படும். ஒக்டோபர் தொடக்கம் தைப்பொங்கல் வரை முன் விறாந்தை மாலை நான்கு முதல் ஏழு வரை விளையாட்டுக்கே உரியது. இரண்டு கரம் பலகை, நான்கு சீட்டுக்கட்டு, ஒரு தாயப்பாய் நிலையச் செலவில் வாங்கப்படும். செலவை நானே ஏற்கிறேன் என்று சொன்னேன், வேண்டாம், கணக்கில் வரட்டும் என்றார் பொருளாளர். பெண்பிள்ளைகளும் இருக்கலாம் என்று யாப்பில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் இராது. வகுப்பு வேண்டுமானால் உள்மண்டபம் காலையில் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

கூட்டம் ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு. எங்கள் ஊரவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: சந்தா நிலுவையைச் சனிக்கிழமைக்கு முன் கட்டிவிடுங்கள். நிலுவை உள்ளவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. மாஸ்ரர் எப்போதோ கட்டிவிட்டார்.